எழுபது கிலோ கூடுதல்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். நம்பாததில் எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் இதையே வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேராகச் சிரித்திருப்பேன். மதுரையில் ஒரு லாரி ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகப் பார்சல் புக்கிங் பார்க்கிறவன் நான். "முப்பது கிலோதான் சார், வெறும் துணி" என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தைந்து கிலோ மூட்டையை இறக்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உள்ளே பார்த்தால் துணிக்கு நடுவில் இரும்புச் சாமான் இருக்கும். அப்படியே பழகிப்போனதில் ஆளை நம்புகிற புத்தி எனக்கு எப்போதோ போய்விட்டது, தராசை மட்டும்தான் நம்புவேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "அது எம்புட்டு கிலோ இருக்கும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அந்தக் கேள்வியை இப்போது யாரிடமும் கேட்பதில்லை.

என் மனைவி செல்விக்குக் கூடப்பிறந்தவன் பாண்டி ஒருவன்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். முப்பது வயதாகியும் ஒரு வேலையில் நிலைக்காத பயல். கடைசியாக, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஆரம்பித்து, அதற்காகக் கூடாரம், கயிறு, மடக்கு நாற்காலி, சின்ன கேஸ் அடுப்பு என்று ஒரு கடையே சேர்த்து வைத்திருந்தான். அவன் இருந்த வாடகை ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில், வெளிப்பக்கமாகப் படி வைத்த ஒற்றை ரூம் ஒன்று சும்மா கிடந்தது. "தம்பி இனிமே நம்ம கூடயே இருக்கட்டும்ங்க" என்றாள் செல்வி. எனக்குத் துளிகூட இஷ்டம் இல்லை.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் என் பைக்கை இரவல் வாங்கிப் போனான். திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது பைக் பெட்டிக்குள் அவன் சிநேகிதனுடைய பை ஒன்று இருந்தது, அதை எடுக்கப் பாண்டி மறந்துவிட்டானாம். மறுநாள் அந்தப் பையைத் தேடிப் போலீஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பையில் இருந்தது நாலு செல்போன், ஒன்றுகூட அந்தச் சிநேகிதனுடையது இல்லை. பாண்டி மேல் தப்பில்லை என்று ஸ்டேஷனிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் தெருவே வேடிக்கை பார்த்ததை நான் மறக்கவில்லை. கடைசியில் செல்விதான் ஒரு வழி சொன்னாள். "ரெண்டு நாளைக்கு அவங்கூட எங்கயாச்சும் போயிட்டு வருவோம். அப்பவும் ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்." ஆக அந்த இரண்டு நாளும் அவனுக்குப் பரீட்சை. பாஸானால் மாடி ரூம், இல்லையென்றால் அவன் வழியை அவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இது அவனுக்கும் தெரியும்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. என்னுடையது சின்னக் கார். டிக்கியில் இரண்டு பை வைத்தால் மூன்றாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பாண்டியோ ரூமைக் காலி பண்ணிவிட்டதால் தன் சொத்து மொத்தத்தையும் இரண்டு பெரிய முதுகுப் பைகளில் அடைத்துக்கொண்டு வந்து நின்றான். அதற்காகவே பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சொல்லி, கார் தலையில் ஒரு பழைய கேரியரை மாட்டினேன். கூடாரம் இரண்டு, தார்ப்பாய், நாற்காலிகள், மடக்குக் கட்டில் எல்லாம் மேலே போயின. பாத்திர மூட்டை, அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அவன் பைகள் எல்லாம் உள்ளே. பின்சீட்டில் செல்வி தண்ணீர்க் கேனோடு கேனாக உட்கார்ந்தாள்.

என் புத்தி சும்மா இருக்குமா, போகிற வழியில் மேலூர் தாண்டி ஒரு எடைமேடை இருந்தது, லாரிகளை ஏற்றி எடை போடுவார்களே அதுதான், அதில் காரை ஏற்றினேன். நாங்கள் மூன்று பேரும் இறங்கிக்கொண்டு, சாமானோடு வண்டியை மட்டும் போட்டதில் தொள்ளாயிரத்துப் பத்து கிலோ. கேபினுக்குள் இருந்த தம்பி சிரித்தான். "என்னண்ணே, நெல்லு மூட்டையா ஏத்திருக்கீக?" என்றான். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. பேய்க் கதை என்றால் ராத்திரிதான் ஏதாவது நடக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நான் அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன். கண்மாயில் பாதித் தண்ணீர் கிடந்தது. கரையோரம் பழைய கல் சில, தூணோ பலகையோ என்னவோ, உடைந்து சாய்ந்து கிடந்தன. அதைத் தவிரச் சுற்றிலும் ஒரு வீடு வாசல் கிடையாது. பாண்டி நாட்டுக்கோழி வாங்கிவந்து, அவனே அரைத்து, அவனே குழம்பு வைத்தான். உண்மையைச் சொன்னால் செல்வி வைப்பதைவிட நன்றாக இருந்தது. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் பண்ணிய சேட்டையை எல்லாம் சொல்லிச் சொல்லி அவள் அம்புட்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சரி, பயல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் சாமானைக் கட்டினோம். பாண்டி எடுத்துக் கொடுக்க, நான் கேரியரில் அடுக்கிக் கயிறு போட்டேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டவுடனே, லோடு மேல் இரண்டு தட்டு தட்டி, ஆபீஸில் தினமும் கத்துகிற மாதிரியே கத்தினேன். "ஏத்துறது இருந்தா ஏத்துங்க, ஏறுறவுக இருந்தா ஏறுங்க, வண்டி கெளம்புது!" ராத்திரி லாரி புறப்படும்போது நான்தான் இந்தக் குரல் கொடுப்பேன். விட்டுப்போன மூட்டையை ஓடிவந்து போடுவார்கள், கூடப் போகிற லோடுமேன்கள் ஏறிக்கொள்வார்கள். வாய்ப் பழக்கம், வேறொன்றும் இல்லை.

பாண்டிக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "வெறும் எடத்துல நின்னு இப்பிடிக் கூப்புடாதீக மச்சான்" என்றான்.

"ஏன் மாப்ள, இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லங்குறதாலதான் சொல்றேன்."

நான் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கண்மாயிலிருந்து நாலு வழிச் சாலைக்கு வருவதற்குள் வழியில் இரண்டு ஊர், நாலு ஸ்பீடு பிரேக்கர். போகும்போது நாலையும் மெதுவாக ஏறி இறங்கி வந்தோம், அடி தட்டவில்லை. திரும்பும்போது முதல் மேட்டிலேயே 'டர்ர்' என்று ஒரு சத்தம், வண்டியின் அடிவயிற்றை யாரோ அரம் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவது மேட்டில் இரண்டு பேரையும் இறக்கி நடக்கவிட்டு, நான் மட்டும் ஓட்டினேன். அப்போதும் தட்டியது. யோசித்துப் பாருங்கள், தண்ணீர்க் கேன் இரண்டும் காலி, அரிசி கோழி எல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது, ஆட்கள் இறங்கியாகிவிட்டது. வரும்போது இருந்ததைவிட வண்டி லேசாக இருக்க வேண்டும். இறங்கி ஒதுங்கி நின்று பார்த்தேன். பின்பக்கம் நன்றாக அமுங்கி, டயர் மறைகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது கண்மாய்க்கரையில் கிடந்த கல்தான். சிலை கிலை ஏதாவது இருந்திருக்கும், காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் பாண்டி அமுக்கிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். வேறு எப்படி நினைப்பேன்? துணி என்று சொல்லி இரும்பு வைக்கிற உலகம்தானே இது.

"மாப்ள, பையத் தொற."

"எதுக்கு மச்சான்?"

"தொறன்னா தொற."

ரோட்டோரத்தில் எல்லாச் சாமானையும் இறக்கினேன். கூடாரத்தைப் பிரித்து உதறினேன். அவன் பைகள் இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்தேன். துணிமணி, சர்டிபிகேட் ஃபைல், ஷேவிங் செட், கடைசியாக ஒரு துண்டில் சுற்றிய கண்ணாடி போட்ட படம் ஒன்று விழுந்தது. அவன் அப்பா அம்மா கல்யாணப் படம். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. ரோட்டில் போகிற ஆட்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். செல்வி, "போதும்ங்க, போதும்ங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பாண்டி கீழே கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்து வைத்தான். கல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னிக்குக் கீழே, கார் வயிற்றுக்குக் கீழே படுத்துக்கூடப் பார்த்துவிட்டேன். ஒன்றுமே இல்லை.

திரும்ப எல்லாவற்றையும் ஏற்றினோம். மூன்றாவது மேட்டிலும் தட்டியது.

நேரே அதே எடைமேடைக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு இருக்கும், கண்ணைத் திறக்க முடியாத வெயில். செல்வியையும் பாண்டியையும் இறக்கிவிட்டு, வண்டியை மேடையில் நிறுத்தி, நானும் இறங்கி கேபின் பக்கம் வந்தேன். அதே தம்பிதான் உட்கார்ந்திருந்தான். போகும்போது தொள்ளாயிரத்துப் பத்து. நாற்பது லிட்டர் தண்ணீர் போக எண்ணூற்று எழுபது வரவேண்டும். அவன் எந்திரத்தைப் பார்த்தான், ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பின்னாடி ஒக்காந்துருக்கவரையும் எறங்கச் சொல்லுங்கண்ணே" என்றான்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். செல்வி என் இடதுபக்கம் நிற்கிறாள். பாண்டி அவளுக்குப் பின்னால் தூண் நிழலில் நிற்கிறான். வண்டியின் நாலு கதவும் சாத்தியிருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். காலித் தண்ணீர்க் கேன் இரண்டும் சீட்டின் ஒரு ஓரமாக, ஒன்றின் மேல் ஒன்று ஒதுங்கிக் கிடந்தன. அவ்வளவுதான். திரும்பி வந்தேன். அந்தத் தம்பி வெளியே வந்து நெற்றியில் கையை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "வெயிலு, கண்ணு கூசுதுண்ணே" என்றான். சீட்டை அடித்துக் கொடுத்தான், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தொள்ளாயிரத்து நாற்பது. எழுபது கிலோ கூடுதல். அந்த எடையில் மூட்டையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஒரு வாட்டசாட்டமான ஆளின் எடை அது.

இவ்வளவுக்குப் பிறகாவது என் வாய் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். "வண்டிக்கு அடியில என்னத்தடா வச்சு வெல்டு பண்ணிருக்க? கேபின்ல இருக்கவனும் ஒன் ஆளாடா?" என்று, எடை போட வந்து நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் பாண்டியைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் கேரியரைப் பார்த்தான். கூடாரம், கயிறு எல்லாம் அதில் இருந்தது. அதை அவன் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரே ஒரு பையை மட்டும், அந்தப் படம் இருந்த பையை, எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "வாரேன்க்கா" என்றான். என்னிடம் சொல்லவில்லை. மேலூர் போகிற டவுன் பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டான். செல்வி ரோட்டில் நின்று அழுதாள். வண்டியில் ஏறு என்றதற்குப் பின்சீட்டில் ஏறமாட்டேன் என்றாள். முன்சீட்டில் உட்கார்ந்து, வீடு வருகிற வரைக்கும் கண்ணாடியையோ பின்பக்கத்தையோ திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வண்டி ரிங் ரோடு முழுக்க இழுத்துக்கொண்டுதான் ஓடியது.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். செல்வி இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தாள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்பக்கம் 'கிறீச்' என்று ஸ்பிரிங் சத்தம் கேட்டு, வண்டி மெல்லத் தூக்கிக்கொண்டது. பின்சீட்டில் இருந்து கனத்த ஆள் ஒருத்தர் இறங்கினால் வண்டி எப்படி ஆடி நிமிரும், அப்படியே. கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தேன், பின் டயர் முழுசாகத் தெரிந்தது. மறுநாள் ஆபீஸ் பக்கம் வேறொரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன், எடை சரியாக இருந்தது.

அதற்கப்புறம் எட்டு மாதம். வீட்டில் ஒன்றும் அசம்பாவிதம் இல்லை, பாத்திரம் உருளவில்லை, விளக்கு அணையவில்லை. பாண்டிக்கென்று செல்வி புதுத் தலையணை எல்லாம் போட்டு வைத்திருந்த மாடி ரூமை நான் பூட்டி, சாவியை என் சாவிக்கொத்திலேயே போட்டுக்கொண்டேன். சாவி ஒன்றுதான், வேறு கிடையாது. செல்விதான் மாறிப்போனாள். சமைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி. பாண்டி அவளிடம் போனில் பேசுவான், ஆனால் வீட்டுக்கு வா என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவானாம். தீபாவளிக்கும் வரவில்லை. எனக்கு நெஞ்சு உறுத்த ஆரம்பித்தது. ஒரு அப்பாவிப் பயலை நடுரோட்டில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன், ஒரு பெண்ணுக்கு மிச்சம் இருந்த ஒரே பிறந்த வீட்டு உறவை நானே அறுத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் பாத்ரூமில் நின்று அழுதேன்.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டு நானே அவனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, நாந்தான் பேசுறேன். அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு. மனசுல வச்சுக்காத. பொங்கலுக்கு வந்துரு, மாடி ரூம் ஒனக்காகத்தான் கெடக்கு."



"அதான் ஆள் வச்சுட்டீகளே மச்சான்" என்றான்.

"யார வச்சேன்?"

"மனசு கேக்காமப் போன மாசம் வந்தேன், ஒரு வியாழக்கிழம மத்தியானம். கீழ வீடு பூட்டிருந்துச்சு. சரி, அக்கா வர்ற வரைக்கும் மாடில நிப்போம்னு ஏறுனேன். ரூமுக்குள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. தட்டுனேன்."

"தட்டுனா?"

"உள்ளருந்து, ஆள் இருக்குன்னு சத்தம் வந்துச்சு. எறங்கிப் போயிட்டேன்."

சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கிறது. "யாரு கொரலு மாப்ள அது?" என்று கேட்டேன்.

"என்ன மச்சான், தெரியாத மாதிரி கேக்குறீக? ஒங்க கொரலுதான்."

நான் இல்லை என்றேன். வியாழக்கிழமை மத்தியானம் நான் எப்படி வீட்டில் இருப்பேன், ஆபீஸில் எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் நாள் அது என்றேன். என் தலைமேல் சத்தியம், உங்க அக்கா மேல் சத்தியம் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விடுங்க மச்சான், அதனால என்ன. அக்காவ நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். பொங்கலுக்கு அவன் வரவில்லை. இனியும் வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

போனை வைத்ததும் செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நீங்க ஆபீஸ்லதான் இருந்தீகளா?" என்றாள்.

"ஆபீஸ்லதான்டி இருந்தேன்."

செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உடனே மேலே ஏறிப்போய் ரூமைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை, தூசிதான் படிந்து கிடந்தது.

இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் போன வாரம் நடந்ததுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி ரசம் ஊற்றியவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, ஆள் இருக்குன்னு ஒருக்காச் சொல்லுங்களேன்" என்றாள்.

எதுக்கு என்று கேட்டேன்.

"சும்மாதான். மாடி ரூம்லருந்து நான் கேட்ட கொரலும் இதேதானான்னு பாக்கணும்."